வேலிக்கு அந்தப்பக்கம் முதலில் கேட்ட காலம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

இப்போது நமது ஊர் மதில்களிலும் மின்கம்பங்களிலும் அதிகம் காணும் எழுத்து "வீடு வளவு விற்பனைக்கு" என்பதுதான். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அழைத்துப் பார்த்தால் பேசுபவர் வீட்டுக்காரர் அல்ல, தரகர். சில வேளை தரகருக்கும் ஒரு தரகர். "ஊட்டுக்காரர் ஆரு?" என்று கேட்டால், "அதப் பொறகு செல்றன், முதல்ல வளவப் பாருங்க" என்பார். இந்த நிலையில், தரகர் இல்லாமல் சொந்த வீட்டை நாமே விற்க முடியுமா என்று சில தம்பிமார் கேட்கிறார்கள், ஏதோ வெளிநாட்டில் கண்டுபிடித்த புது முறை போல. மட்டக்களப்பு வாவிக்கரையில் நமது மூத்த தலைமுறை வீடு விற்றதே அப்படித்தான். அந்த வழக்கம் எதில் நின்றது, எங்கே உடைந்தது என்று எழுதி வைக்கலாம் என நினைத்தோம்.

முதலில், வீடு யாருடையது?

கொழும்பிலோ கண்டியிலோ இந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கலாம். எழுவான்கரையில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்ததும் வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மற்றப் பக்கத்தில் அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். கடைசியில் உம்மாவும் வாப்பாவும் கடைக்குட்டி மகளோடு ஒரு அறையில் ஒதுங்கிக்கொள்வார்கள். சீதன உறுதி மகளின் பெயரில் இருக்கும். அதில் பெற்றோருக்குச் சீவிய உரித்து வைத்து எழுதுவதும் உண்டு.

இது நமக்கு மட்டும் உரியதல்ல. நமது தமிழ்ச் சகோதரர்களிடமும் இதே முறைதான். குடி வழி தாயைப் பற்றிப் போவது இரண்டு சமூகத்துக்கும் பொது. திமிலரை விரட்ட முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியர், முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஏறாவூர்ப் பக்கம் இன்றும் சொல்லப்படும் பழங்கதை. கதையை வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு சமூகத்துக்கும் ஒரே சொத்து முறை வந்ததற்கு முன்னோர் சொன்ன விளக்கம் அது. முக்குவரின் பழைய சட்டத்தில் முதுசச் சொத்து பெண்வழியாக, சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கியது. 1876 இல் பிரிட்டோ என்பவர் அந்தச் சட்டத்தைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல வருடங்கள் ஆய்வு செய்து, முஸ்லிம்களும் தமிழர்களும் வீட்டையும் வளவையும் மகள்மாருக்கு எழுதும் இந்த முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

சீதனத்தை ஆதரித்து இதை எழுதவில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கடனில் மூழ்கிய வாப்பாமாரை நமக்குத் தெரியும். மஹர் கொடுக்க வேண்டிய ஆண் வீடு கேட்பது சரியா என்ற விவாதம் நியாயமானது, அது வேறு ஒரு பதிவுக்குரியது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த முறையால் வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருந்தது பெரும்பாலும் ராத்தா அல்லது தங்கச்சி. ஒரு வளவு இரண்டாகி, நாலாகி, நடுவில் ஒரு கிணறும் ஒரு ஒழுங்கையும் பொதுவாக நின்றது. பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையிலும் யார் யார் வளவு என்று பெயர் இருக்கும். கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்று எழுதியிருக்கும். ஆக, ஒருத்தி வீட்டை விற்கிறாள் என்றால் கிணற்றில் பாதியும் ஒழுங்கையில் பாதியும் சேர்ந்து போகிறது. அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் அதை எப்படி விற்பது?

மார்க்கத்தில் இதற்கு 'ஷுஃப்ஆ' என்று ஒரு தனிப் பாடமே இருக்கிறது. விற்பவர் வெளியாளுக்குக் கொடுக்க முன் பங்காளிக்குச் சொல்ல வேண்டும், பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை. ஸஹீஹுல் புஹாரியில் ஒரு சம்பவம் வருகிறது. அபூ ராஃபிஃ (ரழி) அவர்களுக்கு ஸஃத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வளவுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே நேரில் போய்க் கேட்டார். வெளியாள் ஒருவர் 500 தீனார் ரொக்கமாகத் தரத் தயாராக இருந்தார். ஸஃத் அதைவிடக் குறைவாக, அதுவும் தவணையாகத்தான் தருவேன் என்றார். அப்படியிருந்தும் அபூ ராஃபிஃ அவருக்கே கொடுத்தார். அயலவருக்கே முன்னுரிமை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதால்தான் இந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். விற்பவர், வாங்குபவர், அயல், விலை, தவணை எல்லாம் இரண்டு பேர் பேச்சில் முடிந்தது.

நாம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நமது மத்ஹபில் ஷுஃப்ஆ கூட்டுச் சொத்தில் பங்குள்ளவருக்குத்தான், வெறும் அயலவருக்கு இல்லை. ஹனஃபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, அதற்கென்றே 1947 இல் தனிச் சட்டம் வந்தது. நமது ஊர்களில் இந்த மத்ஹப் வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். அயலவளும் பங்காளியும் ஒரே ஆள், கூடப் பிறந்தவள்.

அரச சட்டத்தின் பக்கம் வருவோம். இலங்கையில் காணி விற்பனைக்கு இன்றும் அடிப்படை 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டத்தில் நிற்காது. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் அதே விதி. "அட்வான்ஸ் குடுத்திட்டன், பேச்சு முடிஞ்சி" என்பது நமக்குள் பெரிய வார்த்தை, ஆனால் நொத்தாரிசு உறுதி இல்லாமல் அந்த வாய்ப்பேச்சை வைத்து நீதிமன்றத்தில் காணியைக் கேட்க முடியாது. பின்பு 1907 இல் வந்த நொத்தாரிசுச் சட்டம், ஒப்பமிடுபவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 180 வருடம் தாண்டிய இந்த ஏற்பாட்டில் விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், நொத்தாரிசு இருக்கிறார், விற்பவரை அறிந்த சாட்சிகள் இருக்கிறார்கள். தரகருக்கு ஓர் இடமும் இல்லை. அந்தக் காலச் சாட்சிகள் மாமா, மச்சான், பள்ளி மரைக்காயர். விற்பவள் யார், அவளுக்கு எத்தனை பிள்ளை, ஏன் விற்கிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இன்று தரகர் தன் கையோடு இரண்டு பேரைக் கூட்டி வந்து சாட்சிக் கையெழுத்து வாங்குவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் அந்தப் பெண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். சட்டத்தின் எழுத்து அப்படியே இருக்கிறது, உயிர் போய்விட்டது.

சரி, தரகர் எப்போது வந்தார்? காணி பார்த்துச் சொல்லும் ஆட்கள் எப்போதும் இருந்தார்கள், குறிப்பாக வயல் காணிக்கு. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு இடையாள் தேவைப்பட்டது, நேருக்கு நேர் பேச முடியாத நிலை வந்த பிறகுதான் என்பது நமது கணிப்பு.

1990 ஐ எழுதாமல் கடக்க முடியாது. ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஆகஸ்ட் 11, 12 இல் ஏறாவூர், செப்டம்பர் 9 இல் சத்துருக்கொண்டான். நமது மக்களும் கொல்லப்பட்டார்கள், தமிழ் மக்களும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு படுவான்கரையில் இருந்த நமது காணிகளுக்குப் போக முடியவில்லை. முஸ்லிம் ஊர்களின் ஓரத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களும் வளவை விட்டுப் போனார்கள். போக முடியாத காணியை எப்படி விற்பது? நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர் சொன்னதே விலை. விற்றவர் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கவில்லை, வாங்கியவர் விற்றவரின் கண்ணீரைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் அடிமாட்டு விலைக்குக் காணி கைமாறிய கதைகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் மற்றவர் பக்கத்துக் கதையை மட்டும் மறந்துவிடுகிறோம். காணியில் பத்து வருடம் இடையூறில்லாமல் இருந்தவருக்கே உரித்து என்னும் 1871 ஆம் ஆண்டின் பழைய சட்டம் இடம்பெயர்ந்தவர்களை மேலும் பயமுறுத்தியது. "இருக்கிற விலைக்குக் குடுங்க, இல்லாட்டி அதுவும் போயிரும்" என்று சொல்ல அது வசதியாக இருந்தது. 2016 இல்தான் அதற்கு ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றது அந்தச் சட்டம். பலருக்கு அது விற்று முடிந்த பிறகு வந்த சட்டம்.

அடுத்தது 2004 டிசம்பர் 26. கடல் உறுதிப் பெட்டிகளையும் கொண்டுபோனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்ட வேண்டாம் என்று முதலில் அறிவித்தார்கள். காத்தான்குடி போன்ற ஊரில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு (வாவியை நாம் ஆறு என்றுதான் சொல்வோம்). மக்கள் எங்கே போவது? உள்ளே இருந்த ஒவ்வொரு பேர்ச்சுக்கும் விலை ஏறியது. கட்டார், சவூதிக் காசும் சேர்ந்தது. வாங்குபவர் தோஹாவில், விற்பவரின் மகன் லண்டனில், நடுவில் கைத்தொலைபேசியோடு தரகர்.

தரகர் தொழிலே ஹராம் என்று சொல்ல வரவில்லை. கிராமத்திலிருந்து பொருள் கொண்டு வருபவருக்காகப் பட்டணத்தான் விற்றுக் கொடுக்க வேண்டாம் என்ற தடைக்கு, அவருக்குத் தரகராக இருக்க வேண்டாம் என்று இப்னு அப்பாஸ் (ரழி) விளக்கம் சொன்னார்கள். விலை தெரியாதவரின் பெயரில் விலையை ஏற்ற வேண்டாம் என்பது அதன் கருத்து. அதேவேளை இப்னு ஸீரீன், அதா போன்ற பெரியவர்கள் தரகுக் கூலியில் தவறில்லை என்றதையும் இமாம் புஹாரி பதிந்திருக்கிறார்கள். ஆண் துணை இல்லாத ஒரு விதவைக்கு நேர்மையான தரகர் உதவி செய்த சம்பவங்களும் உண்டு. கூலியைப் பேசி வாங்குவது ஒன்று. விற்பவளிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் இருப்பதை மடியில் கட்டுவது வேறு. வாங்கும் எண்ணமே இல்லாத ஆளைக் கூட்டி வந்து விலை கேட்க வைப்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர், அது தெளிவாகத் தடுக்கப்பட்டது.

காசுக் கணக்கையும் பார்ப்போம். நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் 80 இலட்சம் ரூபாய் வீட்டுக்குத் தரகு 2 இலட்சத்து 40 ஆயிரம். ஆனால் நாம் கவலைப்படுவது அந்தக் காசைப் பற்றியல்ல. வீட்டுக்கு உரியவள் பேச்சில் இல்லாமல் போவதைப் பற்றி. தரகர் பேசுவது கணவரோடு, அல்லது மூத்த மகனோடு. உம்மாவை உறுதி எழுதும் நாளில் வேனில் ஏற்றிக் கூட்டிப் போய், காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் அவவுக்குத் தெரியாது. அவவின் வாப்பா அவவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது.

உறுதி எழுதாமல் வாப்பா மௌத்தாகிவிட்டால் வேறு கணக்கு. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி அது ஷரீஆப் பங்காகப் பிரியும். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருந்தால் சொத்தை 40 பங்காக வையுங்கள்: மனைவிக்கு 5, மகன்மாருக்கு 14 வீதம், மகளுக்கு 7. நான்கு பேரும் ஒப்பமிட்டால்தான் முழு வீடும் விற்கப்படும். "மகளுக்குச் சீதனம் குடுத்தாச்சே" என்று அவளை விட்டுவிட்டு எழுதினால், அந்த 7 பங்கு விற்கப்படாமலே நிற்கிறது. இருபது வருடம் கழித்து அவளுடைய பிள்ளைகள் வழக்குப் போடும்போது வாங்கியவர் தலையில் கை வைப்பார்.

நேரடியாக விற்க நினைப்பவர்களுக்கு வேலை அவ்வளவு பெரிதல்ல. காணிப் பதிவகத்தில் 'எக்ஸ்ட்ராக்ட்' எடுங்கள். உறுதி கடலில் போயிருந்தாலும் பதிவு செய்யப்பட்டிருந்தால் பிரதி கிடைக்கும். நில அளவைப் படம் பழையதானால் புதிதாக அளந்துகொள்ளுங்கள். பேர்மிட் காணியானால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, தரகர் என்ன சொன்னாலும் சரி. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு 4, அது வாங்குபவர் கட்டுவது. வீட்டில் வெள்ளம் நிற்கும் என்றால் நிற்கும் என்று சொல்லிவிடுங்கள், குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல. எழுதிய உறுதியை உடனே பதியச் சொல்லுங்கள். பின்னால் எழுதிய உறுதி முன்னால் பதியப்பட்டால் அதுவே முந்தும்.

இதற்கெல்லாம் முன், மதிலில் இலக்கம் எழுத முன், பக்கத்து வீட்டு ராத்தாவிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். அவவிடம் காசு இல்லாமல் இருக்கலாம், தவணை கேட்கலாம். அபூ ராஃபிஃ அவர்களிடமும் தவணைதான் கேட்கப்பட்டது.