குரங்குகளுக்குப் பட்ட கடன்

வடநாட்டில் வாழும் நம்மவர் கோயில் மதிலிலும் ரயில் நிலையத்திலும் சிவந்த முகக் குரங்குகளை நாள்தோறும் காண்கின்றனர். அவற்றின் இனம் மருத்துவத்திற்கு ஆற்றிய பணியைச் சிலரே அறிவர்.

1955-இல் வெளிவந்த ஸால்க் தடுப்பு மருந்து, இளம்பிள்ளை வாதத்திலிருந்து குழந்தைகளைக் காத்தது. ஆயினும் அதற்குரிய நோய்க்கிருமியை வளர்க்கக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்டது. பல்லாயிரம் குரங்குகள் கூண்டுகளில் அடைபட்டு இந்தியாவிலிருந்து சென்றன. குழந்தையின் காலா, குரங்கின் உயிரா? இரண்டையும் காக்கும் வழி அன்று கைக்கு எட்டவில்லை.

1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர். 'வீரோ' என்னும் அவ்வணுக்கள் ஓயாது பெருகின. 1978-இல் இந்தியா குரங்கு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1980-களில் வீரோ அணுக்களிலேயே போலியோ மருந்து தயாராயிற்று. மருந்துக்காக மீண்டும் மீண்டும் குரங்குகளைக் கொல்லும் தேவை குறைந்தது.

2023-இல் நம் அரசு, உயிரணுச் சோதனையையும் கணினி வழிக் கணிப்பையும் விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஏற்று, மருந்து விதிகளைத் திருத்தியது.

நம் குழந்தை தடுமாறாது நடக்கும்போது, அக்கூண்டுகளையும் நன்றியுடன் நினைத்தல் தகும்.