பாரிச வாயுவும் மீட்புப் பயிற்சியும்

போர்ட் பிளேயர் நகரம் 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் ஹேடோ கப்பல் துறையிலிருந்து சென்னைக்குக் கப்பல் புறப்படும் நாளில் ஒரு காட்சியைக் காண நேர்வதுண்டு. கை தொய்ந்து, வாய் ஒருபுறம் கோணிய பெரியவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். ஊருக்குப் போய் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. கடலில் ஏறத்தாழ மூன்று நாள். அதன்பின் ரயிலும் பேருந்தும். இதற்குள் கழிந்துபோகும் காலத்தின் மதிப்பு என்ன? இக்கேள்விக்கு, இந்த நோயின் சிகிச்சை வரலாறே விடை கூறுகிறது.

பாரிசம் என்றால் பக்கம். உடலின் ஒரு பக்கத்தை வாயு பற்றிக்கொண்டது என்று நம் முன்னோர் கருதியதால் பாரிச வாயு, பக்கவாதம் என்னும் பெயர்கள் அமைந்தன. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதன் மூலம் விளங்கவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளையில் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு 1658-இல் நூலாக வெளியிட்டார். இரத்தக் குழாய் அடைபட்டாலும் இந்நோய் வரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. கெட்டது கையன்று, கையை ஏவும் மூளையின் பகுதியே என்பது இதனால் புலப்பட்டது.

காரணம் தெரிந்த பின்னும் சிகிச்சை எளிதில் வரவில்லை. நோயாளியைப் படுக்கையில் கிடத்துவதே வழக்கமாக இருந்தது. மற்றொரு புறம், ஸ்வீடன் நாட்டு லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் தேகப் பயிற்சிக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். 1894-இல் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் கூடி, உடல் பிடித்துவிடும் கலையில் பயிற்சி பெற்றோருக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இன்று நாம் இயன்முறை மருத்துவம் என்று வழங்கும் துறை இத்தகைய முயற்சிகளிலிருந்து வளர்ந்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஊனமுற்ற வீரர்கள் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தினர்.

பெர்லினிலிருந்து லண்டனில் குடியேறிய பெர்த்தா போபாத் என்னும் அம்மையார், 1940-களில் பக்கவாதமுற்ற ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தபோது, விறைத்த கையும் தக்க முறையில் கையாளப்பட்டால் இளகுவதைக் கண்டார். நல்ல கையை மட்டும் பழக்கினால் போதும் என்ற எண்ணம் அதன்பின் மாறத் தொடங்கியது. சேதமுற்ற மூளை, இடைவிடாத பயிற்சியால் மீண்டும் ஓரளவு கற்றுக்கொள்ளும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்தன.

நம் நாட்டில், 1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளி தோன்றியது. தமிழகத்தில் இத்துறையை நினைத்தால் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வருவார். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போயிற்று. அவர் ஓயவில்லை, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையை முதல் தலைவராக இருந்து நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தம் உடலிலேயே இப்பாடத்தைக் கற்றவர் அவர்.

அண்மைக்கால ஆராய்ச்சிகள் இரண்டு எச்சரிக்கைகளைத் தருகின்றன. முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி, மிகுதியாக நடமாடச் செய்வது நற்பலனைக் குறைக்கக்கூடும் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். இரண்டாவது நம் நாட்டு ஆய்வு. டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017-இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு, குடும்பத்தார் ஒருவருக்குக் கற்பித்து அவர்மூலம் வீட்டில் பயிற்சி அளித்ததால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. வீட்டாரின் அன்பு இன்றியமையாதது. ஆயினும் தேர்ந்தவர் செய்யவேண்டிய வேலைக்கு அது ஈடாகாது.

ஆகவே, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு ஒன்று கூறுவோம். முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், உடனே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள்; ஊரை நினைத்துப் பொழுது போக்கவேண்டாம். மருத்துவர் அனுமதித்தவுடன் பயிற்சியையும் அங்கேயே தொடங்குங்கள். ஊர்ப் பயணம் பிறகும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. இந்நோய் சிலருக்குப் பேச்சையும் சொற்பொருள் உணர்வையும் குலைத்துவிடும். 'கையை நீட்டு', 'எழுந்து நில்' என்று பயிற்சியாளர் இந்தியில் சொன்னால், தமிழே தடுமாறும் அந்த மூளை என்ன செய்யும்? வீட்டார் ஒருவர் உடனிருந்து, அச்சிறு சொற்களைத் தமிழில் நிதானமாகச் சொல்லட்டும். சொன்னபின் காத்திருக்கட்டும். நடுங்கும் கை தானே குவளையை எட்டுமுன் நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால், அன்றைய பாடம் போயிற்று.