மாத்திரையின் மறுநாள்

அப்புச்சி மேட்டூரில் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். ரிட்டயர் ஆகியும் உடம்புக்கு மட்டும் ஷிப்ட் முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழித்து உட்கார்ந்திருப்பார். எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை, அதே பழைய சீட்டிலேயே பல வருஷம் ஓடியது. ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை, காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு சதுரங்காடியில் டீ. ஒருநாள் காலை, 16 கண் பாலம் தாண்டி, நேரான ரோட்டில், வண்டி மெல்ல இடப்பக்கம் இறங்கிக் கவிழ்ந்தது. தோள் எலும்பு முறிந்தது.

"தூங்கலை கண்ணு, முழிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனேன்" என்றார். யாரும் நம்பவில்லை. "வயசாயிப்போச்சு, இனி வண்டி வேண்டாம்" என்று மாமா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது நிஜமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, அந்த அட்டையில் இருந்த டயஸெபாமின் கதையைத் தேடிப் படித்த பிறகுதான்.

தூக்க மாத்திரைகளைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி கேட்ட பெரிய கேள்வி, 'இது ஆளைக் கொல்லுமா?' என்பது. 1903இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மேரிங்கும் அறிமுகப்படுத்திய பார்பிட்டால், 'வெரோனால்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து மருந்துகளில் தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும், டயஸெபாம் 'வேலியம்' என்ற பெயரில் 1963இலும் வந்தபோது உலகமே பெருமூச்சு விட்டது. இவை தனியாக ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் காலையில் இந்த மருந்து எப்போது உடம்பை விட்டு இறங்கும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

1975இல் உல்ரிக் க்ளாட்ஸும் அவரோடு இருந்தவர்களும் அதை அளந்தார்கள். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், இருபது வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி; எண்பது வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி. வயது ஏற ஏற உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயஸெபாம் அதில் போய்த் தங்கி மெதுவாக வெளியே வருகிறது. கணக்குப் போட்டால், மறுநாள் ராத்திரி அடுத்த மாத்திரை போடும்போது இளைஞரிடம் நேற்றையது பாதிக்கும் கீழே இருக்கும். பெரியவரிடம் முக்கால் பங்குக்கும் மேலே. தினமும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்.

சேர்ந்தது ரோட்டில் என்ன செய்யும்? நெதர்லாந்தில் ஜேம்ஸ் ஓ'ஹான்லன் ஆட்களை நிஜமான நெடுஞ்சாலையிலேயே கார் ஓட்ட வைத்தார். பக்கத்தில் பிரேக்கோடு ஒரு பயிற்சியாளர். சாலைக் கோட்டுக்கும் காருக்கும் உள்ள தூரத்தைக் கருவி அளந்துகொண்டே வரும். டயஸெபாம் போட்டவர்களின் வண்டி அதிகம் அலைந்தது என்று 1982இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அலைவதற்குத் தூங்கிவிழ வேண்டியதில்லை. கண் திறந்திருக்கும்போதே வண்டி அலையும். அதே முறையில் வேறு தூக்க மாத்திரைகளைச் சோதித்தபோது, முந்தைய ராத்திரி போட்டது மறுநாள் பகலிலும் வண்டியை அலைய வைத்தது. ஓட்டுகிறவருக்கு அது சரியாகத் தெரிவதுமில்லை.

1997இல் கனடாவின் கியூபெக்கில் 67 முதல் 84 வயதுவரையான சுமார் 2,24,000 ஓட்டுநர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். நீண்டநேரம் தங்கும் வகை மாத்திரையைத் தொடங்கிய முதல் வாரத்தில், காயம் ஏற்படுத்தும் விபத்துக்கான வாய்ப்பு 45 சதவீதம் கூடுதல். சீக்கிரம் வெளியேறும் வகையில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. அதற்காகப் புதிய மாத்திரைகளை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மறுநாள் காலை ரத்தத்தில் மிச்சம் இருப்பதைக் காரணம் காட்டி, ஸோல்பிடெமின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது.

நம் ஊரில் 2014 மார்ச் முதல் டயஸெபாம், அல்ப்ரஸோலம், ஸோல்பிடெம் எல்லாம் 'ஹெச்-1' பட்டியலில் இருக்கின்றன. விற்றால் மெடிக்கலில் பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, மருந்தின் மயக்கத்தில் ஓட்டுவதையும் குற்றம் என்கிறது. ஆனால் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவிக்குச் சாராயம் மட்டும்தான் தெரியும். ராத்திரி பத்து மணி மாத்திரை அதில் தெரியாது. அதனால் வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். பெரியவர் வண்டி தடுமாறினால் முதலில் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாமாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. பல வருஷம் போட்டவருக்கு அது வலிப்புவரை கொண்டுபோகலாம்.

அப்புச்சிக்கு வேறு ஒரு டாக்டர் மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். காலையில் இருந்த தலைக்கனம் போய்விட்டது என்றார். அதற்குள் மாமா எக்ஸெல்லை விற்றிருந்தார். இப்போது டீக்கு நடந்தே போகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பது மட்டும் நிற்கவில்லை. கேட்டால், "சி ஷிப்ட் கண்ணு" என்கிறார்.