இல்லாத தடை

மஸ்தா எம்எக்ஸ்-5 காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியில்தான் தொடங்குவார்கள். 1970-களில் அமெரிக்க அரசு கூரையில்லாத கார்களைத் தடை செய்தது, அதனால் மலிவு விலைக் குட்டி கன்வர்ட்டிபிள்கள் ஒழிந்தன, பிறகு ஹிரோஷிமாவிலிருந்து ஒரு கார் வந்து அந்த இனத்தை மீட்டது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தடை என்று எழுதும் யாரும் சட்டத்தின் எண்ணையோ தேதியையோ சொல்வதில்லை. தேதி இல்லாத அரசாணை என்றால் பழைய காகிதங்களோடு புழங்குகிறவனுக்கு இருப்புக் கொள்ளாது. அந்த உத்தரவைத் தேட ஆரம்பித்தேன்.

தேடலைத் தொடங்க வேண்டிய ஆண்டு 1966. அந்த செப்டம்பரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம்தான், கார் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை அமெரிக்க மத்திய அரசுக்குக் கொடுத்தது. சட்டத்தைவிட, அதையொட்டி செனட் குழு கொடுத்த 1301-ஆம் எண் அறிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. சட்டம் போட்டவர்கள் மனதில் என்ன ஓடியது என்று அறிய இந்த மாதிரி அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டும். வாங்குகிறவர்களுக்குப் பல வகைக் கார்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி தொடர வேண்டும் என்கிறது அதில் ஒரு பத்தி. அடிப்படைப் பாதுகாப்பு இருக்கிறவரை, சிறிய கார்களையும், மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட கன்வர்ட்டிபிள், ஸ்போர்ட்ஸ் கார் வகைகளையும் ஒழிக்கும் விதிகளைப் போடுவது நோக்கமல்ல என்றும் சொல்கிறது. யார் தடை போட்டதாக ஊரெல்லாம் பேசுகிறதோ அவர்களே, தடை கூடாது என்று அந்தக் கார்களின் பெயரைச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? பாதுகாப்பு விதி எண் 208-லிருந்து. பயணி பெல்ட்கூடப் போட வேண்டாம், அவர் ஒன்றும் செய்யாமலே கார் அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது 1970-களின் தொடக்கத்தில் அதிகாரிகள் வகுத்த இலக்கு. அதன் சோதனைகளில் ஒன்று உருட்டல் சோதனை. காரைச் சாய்ந்த மேடைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, மேடையை மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓட்டி, சட்டென்று நிறுத்துவார்கள். கார் உருண்டு விழும். உள்ளே உட்கார்த்தி வைத்த பொம்மைகள் வெளியே வந்து விழக் கூடாது. துணிக்கூரை போட்ட கார் இதில் தேறுமா என்று யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

கார் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கிரைஸ்லர், ஃபோர்டு, அமெரிக்கன் மோட்டார்ஸ், ஜீப் ஆகியவற்றோடு வெளிநாட்டுக் கார் இறக்குமதியாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. சின்சினாட்டியில் அமரும் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972 டிசம்பர் 5-இல் தீர்ப்பளித்தது. இரண்டாம் வரிசைத் தீர்ப்புத் தொகுதிகளில் 472-ஆம் தொகுதி, 659-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. வக்கீல் வாசகங்களில் அலுப்புத் தட்டும் இடங்கள் உண்டு. தீர்ப்பின் பெரும்பகுதி சோதனைப் பொம்மையைப் பற்றியது. பொம்மையின் கழுத்து எவ்வளவு வளையலாம், மார்புக்கூடு எப்படி இருக்கலாம் என்று துல்லியமாக வரையறுக்காமல், அதை வைத்து ஒரு காரைத் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ எப்படிச் சொல்வீர்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். விதியை அதிகாரிகளிடமே திருப்பி அனுப்பினார்கள்.

பத்திரிகைகள் பொம்மையோடு நின்றுவிட்டன. நான் தேடியது அதையும் தாண்டிய பகுதியில் இருந்தது. கன்வர்ட்டிபிள்களின் கதி என்ன என்று இறக்குமதியாளர்கள் எழுப்பிய கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்கிறது. கையில் எடுப்பது 1301-ஆம் அறிக்கையின் அதே பத்தியை. கன்வர்ட்டிபிள்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் நடைமுறையில் இல்லாமல் ஆக்கிவிடும் விதியை அவற்றின்மேல் சுமத்துவது சட்டத்துக்குப் பொருந்தாது என்பது முடிவு.

இன்னொரு விதியும் இருந்தது, எண் 216, கூரை நசுங்காமல் தாங்கும் வலிமை பற்றியது. 1971 கடைசியில் வெளியாகி 1973 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. தடை என்று பேசுகிறவர்கள் மனதில் இதுவும் கலங்கலாக இருக்கக் கூடும். எந்த வண்டிகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும் பிரிவை எடுத்தால், விலக்கு பெற்றவற்றில் பள்ளிப் பேருந்துகளோடு கன்வர்ட்டிபிள்களும் இருக்கின்றன. தடை இல்லை என்பதோடு, எழுத்துப்பூர்வமான விலக்கே இருக்கிறது.

இவ்வளவு தெளிவான காகிதங்கள் இருந்தும் கம்பெனிகள் நடந்துகொண்ட விதம் வேறு. புலி வருது, புலி வருது என்று கேட்டே ஆட்டை விற்றுவிட்டவன் கதைதான். போர்ஷே தன் 911-இன் டார்கா வடிவத்தை, இருக்கைகளுக்குப் பின்னால் உருட்டு வளையத்தோடு, 1965-இலேயே காட்டிவிட்டது. 1966 சட்டம் பிறக்கும் முன்பே அந்தப் பயம் பிறந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிரிட்டிஷ் லேலண்ட் 1975 ஜனவரியில் அமெரிக்காவில் இறக்கிய டிரையம்ஃப் டிஆர்7 இரும்புக் கூரையோடு மட்டும் வந்தது. திறந்த கார்களுக்குப் பேர்போன ஒரு வரிசையில் அப்படி வந்தது அதுவே முதல். கூரை மடங்கும் டிஆர்7 வர 1979 ஆனது. நடுவில் எந்தத் தடையும் விலக்கப்படவில்லை, விலக்க எதுவும் இல்லை.

காடிலாக் இந்தப் பயத்தைக் காசாக்கவே செய்தது. 1976 எல்டொராடோதான் கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள் என்று பறைசாற்றி சுமார் 14,000 கார்களை விற்றது. அந்த ஏப்ரலில் டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங் முன்னிலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. பலர் அதை ஓட்டாமல் பொட்டலம் கட்டி கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள், நாளை விலை ஏறும் என்று. 1984 மாடலில் கம்பெனி மறுபடி ஒரு எல்டொராடோ கன்வர்ட்டிபிளைக் கொண்டுவந்தபோது அவர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்கு முன்பே, 1982-இல், கிரைஸ்லர் தன் லெபாரனைக் கூரை வெட்டி விற்றுக்கொண்டிருந்தது. 1976-க்கும் 1982-க்கும் இடையே இதற்காகத் திருத்தப்பட்ட விதி என்று ஒன்றைக் காட்ட முடியாது.

குட்டிக் கார்களைக் கொன்றவை வேறு விதிகள். அவை உண்மையானவை, எண் உள்ளவை, கன்வர்ட்டிபிள் என்ற சொல்லே இல்லாதவை. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 மைல் மோதலைத் தாங்க வேண்டும் என்ற பம்பர் விதிக்காக 1974-இல் அதன் பளபளக்கும் குரோம் பம்பரைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர்த் தடியை மாட்டினார்கள். பம்பர், விளக்கு உயர விதிகளுக்காக வண்டியின் வடிவத்தை மாற்றக் காசில்லை. சஸ்பென்ஷனை ஓர் அங்குலம் தூக்கிவிட்டார்கள். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன்பக்கக் கம்பியையும் சிக்கனத்துக்காக அடுத்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் வளைவில் அது எப்படிச் சாய்ந்தது என்று பழைய ஓட்டுநர்கள் இன்னும் திட்டுகிறார்கள். புகை விதிக்காக அமெரிக்காவுக்குப் போன இன்ஜினில் ஒரே கார்புரேட்டர், 95 குதிரைத்திறன் அறுபது சொச்சத்துக்கு இறங்கியது. டாலருக்கு எதிராகப் பவுண்டு ஏறியதும் ஏற்றுமதியில் இருந்த லாபமும் போனது. அதைச் செய்த அபிங்டன் ஆலையை மூடப் போவதாக 1979 செப்டம்பர் 10-இல் அறிவித்தார்கள். அந்த ஊரில் எம்ஜி கார் செய்யத் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டு விழா முடிந்த கையோடு வந்த அறிவிப்பு அது. எம்ஜி மிட்ஜெட் அந்த ஆண்டோடு நின்றது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் எம்ஜிபியும் 1980-இல் நின்றன.

தடைக் கதை இத்தோடு முடிந்தது. மீட்புக் கதையில் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. சாவுக்குக் காகிதம் கத்தை கத்தையாக இருந்தது. பிறப்புக்கு ஆதாரம் கரும்பலகையில் கிறுக்கிய ஒரு சாக்பீஸ் படம்.

பாப் ஹால் அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், ஜப்பானியம் சரளமாகப் பேசுவார். மஸ்தாவின் ஆராய்ச்சித் துறையை நடத்திய கெனிச்சி யமமோட்டோ அவரிடம், அடுத்து என்ன கார் செய்யலாம் என்று கேட்டாராம். எளிமையான, மலிவான, காற்று முகத்தில் அடிக்கிற பிரிட்டிஷ் பாணி ரோட்ஸ்டர் இப்போது கிடைப்பதில்லை, யாராவது செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஹால் பலகையில் வரைந்து காட்டினாராம். இந்தச் சந்திப்புக்குச் சில நூல்கள் 1976 என்று தேதி போடுகின்றன, சில 1979 என்கின்றன. மூன்று வருட வித்தியாசம் சின்ன விஷயம் என்பார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை, ஏனென்றால் ஹால் சொன்ன வாக்கியமே தேதியைக் காட்டிக்கொடுக்கிறது. 1976-இல் எம்ஜிபி, மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் மூன்றும் அமெரிக்கக் கடைகளில் புதிதாகக் கிடைத்தன. கிடைப்பதில்லை என்று ஒரு மோட்டார் நிருபர் சொல்லியிருக்க முடியாது. 1979-இல், அவை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 1981-இல் ஹால் மஸ்தாவின் அமெரிக்கப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது யமமோட்டோ ஏற்கனவே சேர்மன் ஆகியிருந்தார் என்று எழுதும் குறிப்புகள் இருக்கின்றன. அவர் கம்பெனியின் தலைவரானது 1984-இல், சேர்மனானது அதற்கும் பிறகு. பதவியைத் தப்பாகச் சொல்லும் குறிப்பு ஆண்டைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1983-க்குப் பிறகு தரையில் கால் படுகிறது. மஸ்தாவின் டோக்கியோ வடிவமைப்பாளர்கள் இரண்டு யோசனை வைத்தார்கள், ஒன்று முன்சக்கர இழுவை, மற்றது நடுவில் இன்ஜின். அதன் கலிஃபோர்னியா வடிவமைப்பாளர்கள் பழைய பிரிட்டிஷ் ஏற்பாட்டையே பிடித்துக்கொண்டார்கள், இன்ஜின் முன்னால், இழுவை பின்னால். 1984 ஆகஸ்டில் வென்றது அவர்களுடைய களிமண் மாதிரி. ஓடும் முதல் மாதிரியைச் செய்யும் வேலை இங்கிலாந்தின் வொர்த்திங்கில் இருந்த ஐஏடி நிறுவனத்துக்குப் போனது. கண்ணாடியிழை உடம்பு, மஸ்தா 323-இன் 1.4 லிட்டர் இன்ஜின், பெயர் வி705. 1985 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அதைத் தெருவில் ஓட்டினார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள், சிலர் பின்னாலேயே கார் ஓட்டி வந்தார்கள். 1986 ஜனவரியில் திட்டம் ஒப்புதல் பெற்றது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் வேலை நடந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் 1.6 லிட்டர் இன்ஜினோடு நின்ற கார், 13,800 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. டீலர்கள் அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள், வாங்குகிறவர்கள் கொடுத்தார்கள். 2000-இல் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் விற்றது என்று கின்னஸ் பதிவு செய்தபோது எண்ணிக்கை 531,890.

அமெரிக்காவில் விற்ற எம்எக்ஸ்-5-ஐயும் ஜப்பானில் விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் ஸ்டீயரிங் வேறுபடும். ஜப்பானில் ஒல்லியான மூன்று கம்பி மோமோ ஸ்டீயரிங் வந்தது. அமெரிக்காவில் தடித்த நாலு கம்பி, நடுவில் புடைத்த வயிறு. புடைப்புக்குள் ஏர்பேக். 1972-இல் கோர்ட் திருப்பி அனுப்பிய அதே 208-ஆம் விதிதான், வேறு உருவத்தில், அதைக் கேட்டது. 1994 மாடலில் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் வந்தது. கன்வர்ட்டிபிள்களை ஒழிக்கும் என்று எல்லோரும் நடுங்கிய விதி கடைசியில் இந்தக் காரிடம் வாங்கிக்கொண்டது ஓர் அழகான ஸ்டீயரிங்கைத்தான். புகார் சொன்ன உரிமையாளர்கள் உண்டு, காரைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றி நான் படித்ததில்லை.

யமமோட்டோ 2017-இல், 95 வயதில் காலமானார். என் குறிப்புகளில் கரும்பலகைச் சந்திப்புக்கு நேரே நான் 1979 என்று எழுதி, ஓரத்தில் காரணத்தையும் குறித்திருக்கிறேன்: மிட்ஜெட், எம்ஜிபி உற்பத்தி நின்ற தேதிகள்.