மன்னார்க் காய்ச்சலும் மரபணுவின் சாட்சியும்

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் மாந்தைத் துறைமுகத்தையும், அரிப்புக் கடலின் முத்துக்குளிப்பையும், 1560இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரையும் தவறாது குறிப்பிடுவர். ஆனால் எந்த ஆளுநனும் எட்டாத மூலைவரை அக்கரையை ஆண்டது மலேரியாக் காய்ச்சலே. கட்டுக்கரைக்குளத்தின் நீர் நெல்லை விளைவித்த அதே மண்ணில் அக்காய்ச்சலும் குடிகொண்டிருந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கிய ஏழைத் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும் மலேரியா தன் கொடுமைக்குத் தானே ஒரு சாட்சியத்தை விட்டுச்சென்றுள்ளது. அது மனிதக் குருதியில் இருக்கிறது.

பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபட்டவரும், பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவருமான உயிரியலறிஞர் ஹால்டேன், 1949இல் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். தலசீமியா என்னும் பரம்பரைச் சோகை மலேரியா மிகுந்த நாடுகளில் மிகுந்திருப்பது ஏன்? அக்குறையைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர், மலேரியாவைப் பிறரினும் நன்கு தாங்கிப் பிழைக்கின்றனர் என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் இதற்கு வலுவூட்டின.

அக்குறை யாது? அதனை விளங்கிக்கொள்ள 1977இல் நிகழ்ந்த கண்டுபிடிப்புத் தேவைப்பட்டது. மரபணுவின் செய்தி தொடர்ச்சியாக எழுதப்பட்டதன்று. இடையிடையே வேண்டாப் பகுதிகள் உள்ளன. ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுத்தபின் அவை வெட்டி நீக்கப்பட, எஞ்சியவை ஒட்டப்படுகின்றன. பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்ட இவ்வுண்மைக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டவேண்டிய இடத்தை முதலில் இனங்காண்பது யூ-1 என்னும் நுண்தொகுதி. அதன் புரதங்களுள் ஒன்றை ஆக்கும் மரபணு நமது 19ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. அச்சுப்படி திருத்துபவரை ஒத்தது இத்தொகுதி எனலாம்.

திருத்துபவர் எத்துணைத் தேர்ந்தவராயினும், வெட்டுக்குறியே சிதைந்திருப்பின் என்செய்வார்? இலங்கையின் பீட்டா தலசீமியாவிற் பெரும்பகுதிக்குக் காரணம் இத்தகைய இரு சிதைவுகளே. ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியை ஆக்கும் மரபணுவில், முதல் வேண்டாப் பகுதி 130 எழுத்துகள் கொண்டது. அதன் முதலாம் எழுத்து மாறினால் வெட்டுமிடமே மறைந்துவிடுகிறது. ஐந்தாம் எழுத்து மாறினால் யூ-1இன் பிடி தளர்ந்து, வெட்டு பெரும்பாலும் தவறான இடங்களில் விழுகிறது. இரண்டாலும் விளைவது சோகை.

இவ்வைந்தாம் எழுத்துப் பிழையே இந்தியாவிலும் மிகுதியாகக் காணப்படுவது. இனத்தூய்மை பேசுவோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக. பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒரே பிழை; ஒரே துன்பம். கொசு எந்தக் காலத்தில் குலம் விசாரித்தது?

காய்ச்சலை வென்றது பொதுமக்கள் உழைப்பே. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர். விழிப்புத் தளர்ந்தது, 1968-69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நெடும்போராட்டத்தின் பின், உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மன்னாரில் கண்டறியப்பட்டது. நற்சான்றிதழ் காவல் நிற்காது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

காய்ச்சல் அகன்றபின்னும் பிழையான எழுத்து அகலவில்லை. தாயும் தந்தையும் அதனைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோயுற நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடுநோயுற்ற பிள்ளைக்கு மாதந்தோறும், வாழ்நாள் முழுதும், குருதி ஏற்றவேண்டும். இதனை விதியென்றும் சாபமென்றும் கூறி மருமகளைத் தூற்றும் வீடுகள் இன்னும் உள்ளன. இருவரும் தந்தாலன்றி இந்நோய் வாராது என்னும் எளிய கணக்கை வகுப்பறையிற் கற்பிப்பது நம் கடன். திருமணத்துக்கு முன் குருதிச் சோதனையும், நோயுற்ற பிள்ளைக்குத் தடையற்ற மருத்துவமும் ஏழையின் குடிசைவரை எட்டச்செய்வது அரசின் கடன். இந்நோய் கொண்ட பிள்ளை எவர் பாவத்தையும் சுமக்கவில்லை. முன்னோரைக் கொன்ற காய்ச்சலின் கடனைச் சுமக்கின்றது. அதனைத் தாய் தந்தையர் மட்டும் தீர்க்கவேண்டும் என்பது எவ்வகை நீதி?