ரோமாபுரி மகாராணிகளும் நம்ம சாமவையும்

எங்கள் ஊர் நாயுடுபேட்டை. சென்னையிலிருந்து நெல்லூர் போகிற வழியில் திருப்பதிக்குப் பிரிகிற இடம் என்று சொன்னால்தான் இங்கே நண்பர்களுக்குப் புரிகிறது. (வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு!) அந்த ஊர்க்காரனுக்கும் ரோமாபுரி மகாராணிகளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

1780-களில் நெல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயி உழும்போது கலப்பை செங்கல்லில் முட்டியது. தோண்டிப் பார்த்தால் சின்னக் கோயில் ஒன்றின் இடிபாடு. அதற்கு அடியில் ஒரு பானை, உள்ளே ரோமானியக் காசுகள். பழைய பொன் என்று விற்றதில் பல உருக்கப்பட்டு விட்டன. தப்பியவற்றில் இரண்டை, மதராஸ் கவர்னராக இருந்த அலெக்சாண்டர் டேவிட்சன் எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஹேட்ரியன் சக்கரவர்த்தி. இன்னொன்றில் ஒரு பெண்ணின் முகம், ஃபாஸ்டினா.

ஃபாஸ்டினா என்ற பெயரில் இரண்டு மகாராணிகள், தாயும் மகளும். தாய் அன்டோனினஸ் பயஸின் மனைவி. அவர் இறந்ததும் கணவர் அவரைத் தெய்வமாக்கி, கோயில் கட்டி, அவர் முகத்தைக் காசுகளில் பொறித்தார். ஏழைப் பெண் குழந்தைகளுக்காக அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் வைத்தார். எல்லாம் நல்லதுதான். ஆனால் பெயர் மனைவியுடையது, முடிவு கணவருடையது.

இவர்களுக்கு முன்னால் வந்தவர் லிவியா, அகஸ்டஸின் மனைவி. ரோமானியப் பெண்களின் சொத்து விவகாரங்களுக்குப் பொதுவாக ஓர் ஆண் காப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். கி.மு. 35-ல் லிவியாவுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. எகிப்தில் தோட்டம் துரவு, கால் நாட்டில் செப்புச் சுரங்கம் என்று சொத்து சேர்ந்தது. கி.பி. 29-ல் அவர் இறந்தார். பெற்ற மகன் டைபீரியஸ்தான் அப்போது சக்கரவர்த்தி. அம்மாவின் உயிலை அவர் நிறைவேற்றவில்லை! எட்டு வருடம் கழித்துப் பட்டத்துக்கு வந்த கொள்ளுப்பேரன் காலிகுலாதான் அந்தப் பணத்தை உரியவர்களுக்குக் கொடுத்தார். உலகத்தையே ஆண்ட வீட்டில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். திருமலைக் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் கி.பி. 966 என்று கணக்கிடப்படும் ஒன்று, பல்லவர் குலத்து அரசி சாமவையின் கொடையைச் சொல்கிறது. காடவன் பெருந்தேவி என்றும் பெயர். ரோமாபுரி அளவுக்குப் பெரிய அரசி இல்லை; கணவர் சக்தி விடங்கன் ஒரு சிற்றரசர். சாமவை வெள்ளியில் ஒரு பெருமாள் திருமேனி செய்து வைத்தார், நகைகள் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பூஜையும் திருவிழாவும் தடையில்லாமல் நடக்க, இன்றைய அளவில் சுமார் 10 ஏக்கர், 13 ஏக்கர் என்று இரண்டு நிலங்களையும் எழுதி வைத்தார்.

நான் பி.காம். படித்து வங்கியில் வேலை பார்ப்பவன், எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. பொருளை மட்டும் கொடுத்தால் ஒரு தலைமுறை. முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய் என்று எழுதி, எதற்கு என்பதையும் சொல்லி, எல்லோரும் பார்க்கிற சுவரில் வெட்டி வைத்தால் அது நிற்கும். அந்த வெள்ளித் திருமேனிதான் போக சீனிவாசர். மார்கழி தவிர மற்ற நாட்களில் இரவு ஏகாந்த சேவையில் கட்டிலில் பள்ளிகொள்கிறவர் இவர்தான். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லிவியாவின் உயில் எட்டு வருடம் காத்துக் கிடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் ஊர்க் கோயிலுக்கோ பள்ளிக்கோ பணம் அனுப்பும்போது ரசீது பெரும்பாலும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோதான் வருகிறது. அம்மாவின் சேமிப்பு, மனைவியின் சம்பளம் என்றால் அவர்கள் பெயரையே போடச் சொல்லுங்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சாமவை செய்தது அதுதான்.