அமுக்கும் கை

2023 ஜூன் 19 காலை மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் போயின, எழுபது பேரளவில் காயம். சாலையில் கிடக்கும் உடலை நோக்கி முதலில் நீளுவது டாக்டரின் கை அல்ல. பின் யாருடையது? இந்தக் கேள்வியிலிருந்து அவசர, தீவிர சிகிச்சைக் கல்வியின் வரலாற்றை வாசித்துப் பார்க்கிறேன்.

தொடுகை பற்றி இந்த ஊருக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைச் சகித்துக்கொண்டதை ஏற்காமல் வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் இங்கேதான் பெத்தானியாவை நிறுவினார். பிறகு டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்தது. டென்மார்க் இவ்வூருக்கு வந்தது தொடுகைச் சண்டையின் வழியாக.

அதே டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1952இல் போலியோ கொள்ளைநோயாய்ப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும் ஆறு மார்புக்கவசக் கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் செத்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். அமுக்குவது யார்? சுமார் 1500 மாணவர்கள், முறை வைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில். சாவு வெகுவாகக் குறைந்தது. 1953 இறுதியில் இப்சன் அந்நகரிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

நவீன மருத்துவத்தின் பிறப்பை மருத்துவரின் 'நோக்கில்' கண்டார் ஃபூக்கோ. தீவிர சிகிச்சையோ நோக்கில் அல்ல, கையில் பிறந்தது. அதுவும் பட்டம் பெறாத கையில்.

இங்கே? அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவக் கவுன்சில் தனித் துறையாக ஏற்றது 2009இல். விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான தமிழக அரசின் திட்டம் 2021இல் வந்தது. இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல்வி என்ற சொல் பட்டதாரியின் வாசலோடு நின்றுபோகிறது.

வென்டிலேட்டர் கிடைக்காத வார்டுகளில் உறவினர் கையில் அம்பு பையைக் கொடுத்து அமுக்கச் சொல்வது நம் நாட்டில் நடப்பதுதான். அந்தப் பையும் 1956இல் டென்மார்க்கில் உருவானதே. கோபன்ஹேகன் மாணவன் செய்தது மருத்துவ வரலாறு. இங்கே ஒரு தாய் விடிய விடிய அமுக்கினால் அது வெறும் 'அட்டெண்டர்' வேலை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும் ரத்தம் துடைக்கிறவருக்கும் அந்தப் பெயர்கூட இல்லை. உடலைத் தொடும் வேலை எந்தச் சாதிகளின் தலையில் விழுகிறது என்பது நமக்குத் தெரியாததா என்ன?

வென்டிலேட்டர் கேட்பது உரிமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அது வரும்வரை எவ்வளவு வேகமா அமுக்கணும், நெஞ்சு எழும்புதான்னு எப்படிப் பாக்கணும் என்று அந்தத் தாய்க்குத் தமிழில் சொல்லித் தருவதும் மருத்துவக் கல்விதான். அவளையும் மாணவி என்று பதிவேட்டில் எழுதலாம்.